மணல் யார் வயலில்? பணம் யார் கணக்கில்?

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய இரு நாட்களை நெல்லைச் சீமையார் எவரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் இருபத்து நான்கு மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த வட்டாரத்தில் ஓராண்டு முழுவதும் பெய்கிற மழையைக் காட்டிலும் அது அதிகம். தாமிரபரணி கரை கடந்தது. குளங்கள் உடைந்தன. ஏரல் பாலத்தின் இணைப்புச் சாலை அறுந்து போயிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் வண்டி ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட, நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே சிக்கித் தவித்தனர். இங்கே மும்பையில், ஊருக்குப் போட்ட தொலைபேசி அழைப்புகளை எடுப்பாரின்றி, நம் குடும்பங்கள் இரவெல்லாம் விழித்துக் கிடந்தன.

வெள்ளம் வடிந்தது. பத்திரிகைகளும் வேறு செய்திகளுக்குப் போய்விட்டன. ஆனால் ஆற்றங்கரை வயல்களில் ஒன்று மட்டும் வடியவில்லை. அது மணல். பயிர் அழுகினால் அடுத்த பருவத்தில் மறுபடி நடலாம். வயலின் மீது மணல் ஏறிவிட்டால், அதை அள்ளி வெளியேற்றும் வரை அடுத்த பருவம் என்பதே கிடையாது. இந்த மணலை அப்புறப்படுத்தி நிலத்தை மீட்பதற்கு அரசாங்கம் தரும் அவசர உதவித் தொகையைப் பற்றித்தான் இந்த இதழில் எழுதுகிறோம். அந்தப் பணம் எவ்வளவு, யாருக்குப் போகிறது, யாருக்குப் போகவேண்டும் என்னும் கேள்விகள் ஊரிலிருப்பவர்களை மட்டும் பொறுத்தவை அல்ல. நம்மையும் பொறுத்தவை. ஏன் நம்மையே முதலில் பொறுத்தவை என்பதைக் கீழே சொல்கிறோம்.

அந்த வெள்ளத்துக்குப் பின் நம் சங்கத்துக்கு ஒரே கிராமத்தைச் சேர்ந்த இருவர் வந்தனர். ஒருவர் முப்பது ஆண்டுகளாக இங்கே வேலை செய்கிறவர். ஊரில் ஒன்றரை ஏக்கர் வயல் அவர் பெயரில் இருக்கிறது. மற்றவர் கட்டட வேலைக்கு வந்த இளைஞர். அந்த ஒன்றரை ஏக்கரை வருஷத்துக்கு இத்தனை கோட்டை நெல் என்று வாய்ப்பேச்சில் குத்தகைக்கு எடுத்து உழுகிறவர் இந்த இளைஞரின் அண்ணன். நிவாரணப் படிவத்தை எப்படி நிரப்புவது என்று கேட்கத்தான் பெரியவர் வந்தார். இளைஞர் அவரை எதிர்த்துப் பேசவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "பட்டா ஒங்க பேர்ல இருக்கு அண்ணாச்சி. மண்ணு எங்க அண்ணன் தலையில இருக்கு." அன்று அந்த அறையில் இருந்த எவருக்கும் உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் இந்தத் தலையங்கம்.

முதலில் அரசாங்கத்தின் கணக்கைப் பார்ப்போம். மாநிலப் பேரிடர் நிவாரண நிதி என்று ஒன்று உண்டு. தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் அதில் நான்கில் மூன்று பங்கு மத்திய அரசினுடையது, ஒரு பங்கு மாநில அரசினுடையது. எந்த இழப்புக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை மத்திய உள்துறை அமைச்சகம் விதியாக எழுதிக் கொடுக்கிறது. 2022-23 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு எழுதிய விதிப்படி, வயலில் மூன்று அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ படிந்திருந்தால் அதை அகற்ற ஹெக்டேருக்கு ரூ.18,000. நிலச்சரிவாலோ ஆறு திசை மாறியதாலோ நிலமே போய்விட்டால் ஹெக்டேருக்கு ரூ.47,000. இவை இரண்டும் சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும். பயிரில் 33 விழுக்காட்டுக்கு மேல் சேதமென்றால் பாசனப் பயிருக்கு ரூ.17,000, மானாவாரிக்கு ரூ.8,500. பயிர் உதவி இரண்டு ஹெக்டேருக்கு மேல் கிடையாது. 2023 டிசம்பரில் தமிழக அரசு அறிவித்த பயிர் நிவாரணமும் இதே விகிதத்தில்தான் இருந்தது. அதற்கு முன் பாசனப் பயிருக்கு ரூ.13,500 ஆக இருந்தது.

எண்களைக் கேட்டால் பெரிதாகத் தோன்றும். நமக்குத் தெரிந்த அளவில் போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. அதன்மேல் மூன்று அங்குல மணல் என்றால் 10,890 கன அடி. ஊரில் நூறு கன அடியை ஒரு யூனிட் என்கிறார்கள். இங்கே நாம் அதை ஒரு பிராஸ் என்கிறோம். ஆக, ஏக்கருக்கு ஏறத்தாழ 109 பிராஸ் மணல். ஹெக்டேருக்கு ரூ.18,000 என்பது ஏக்கருக்குச் சுமார் ரூ.7,285. வகுத்துப் பாருங்கள்: ஒரு பிராஸ் மணலை வயலிலிருந்து வாரி, வண்டியேற்றி, வேறிடத்தில் கொட்ட அரசாங்கம் தருவது 67 ரூபாய். இது மூன்று அங்குலத்துக்கு. மணல் ஓர் அடி உயரம் கிடந்தால் தொகை கூடுவதில்லை, மணல்தான் நான்கு மடங்காகிறது. அப்போது ஒரு பிராஸுக்கு 17 ரூபாய்கூட முழுதாக இல்லை. மணலும் ஜல்லியும் சுமந்து பிழைக்கும் நம் வாசகர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. ஒரு பிராஸ் மணலை லாரியிலிருந்து இறக்கிப் போட என்ன கூலி என்று அவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. அள்ளிய மணலை எங்கே கொட்டுவது? பக்கத்து வயலில் கொட்ட முடியாது. ஆற்றிலே கொட்டினால் அடுத்த வெள்ளத்தில் திரும்பி வரும். லாரியில் ஏற்றி வெளியே அனுப்பலாமென்றால், மணல் கனிமம். அனுமதிச் சீட்டு இல்லாமல் ஏற்றினால் வழக்கு. தன் வயலில் ஆறு கொண்டுவந்து கொட்டிய மணலை அப்புறப்படுத்தவே ஏழை விவசாயி அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கவேண்டும்.

தொகை குறைவென்பது ஒரு குறை. அது எல்லோருக்கும் தெரிந்த குறை. அதைவிடப் பெரிய குறை, அந்தக் குறைந்த தொகையும் போகவேண்டிய கைக்குப் போகிறதா என்பது.

நில இழப்புக்கான உதவியை வருவாய்ப் பதிவேட்டின்படி நிலம் யாருக்கு உரியதோ அவருக்கே தரவேண்டும் என்று விதி எழுத்திலேயே சொல்கிறது. மற்ற உதவிகளுக்கும் நடைமுறையில் அலுவலகத்தில் கேட்கும் முதல் காகிதம் பட்டாதான். சிட்டா எங்கே, வங்கிப் புத்தகம் எங்கே, இரண்டிலும் ஒரே பெயர் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். வாய்ப்பேச்சில் குத்தகைக்கு எடுத்தவனிடம் என்ன காகிதம் இருக்கும்? வாரத்துக்கு உழுகிறவனிடம் என்ன இருக்கும்? கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் மூன்று தலைமுறையாக உழுகிறவர்களில், முறையான குத்தகைச் சீட்டு கையில் வைத்திருப்பவர் எத்தனை பேர்?

சட்டம் இல்லாமலில்லை. குத்தகை விவசாயிகளின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கென்றே தமிழ்நாட்டில் 1969ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. அதற்கும் முன்னால், 1955இல், குத்தகைக்காரரை நினைத்தபோது வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. சட்டம் வந்தபின் என்ன நடந்தது என்பதை ஊர்க்காரர்கள் அறிவார்கள். பதிவு செய்தால் நிலம் கைவிட்டுப் போகும் என்று உடையவர் அஞ்சினார். பதிவு கேட்டால் அடுத்த வருஷம் நிலம் கிடைக்காது என்று உழுகிறவர் அஞ்சினார். இரண்டு அச்சமும் சேர்ந்து குத்தகையை மறுபடியும் வாய்ப்பேச்சுக்குள் தள்ளிவிட்டன. வாய்ப்பேச்சுக் குத்தகை நல்ல காலத்தில் இருவருக்கும் வசதி. வெள்ளம் வந்த மறுநாள்தான் அதில் ஒருவருக்கு மட்டும் காகிதம் இருப்பது தெரிகிறது.

நிலமே இல்லாத கூலிக்காரரைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சாகுபடி செய்வோர் என்று பதிவானவர்கள் சுமார் 42 லட்சம் பேர். விவசாயத் தொழிலாளர் என்று பதிவானவர்கள் சுமார் 96 லட்சம் பேர். வயலை மணல் மூடியபோது நடவும் போயிற்று, களையெடுப்பும் போயிற்று, அறுப்பும் போயிற்று. அவர்களுக்கு வீட்டு நிவாரணம் கிடைத்திருக்கலாம். இழந்த வேலைநாட்களுக்கு எந்தப் படிவமும் கிடையாது. அடுத்த மாதம் மும்பைக்கு ரயில் ஏறியவர்களைக் கேட்டால் அந்தப் படிவத்தின் விவரம் கிடைக்கும்.

வேறு நாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்பதில் தவறில்லை. அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் கீழ் அவசர நிலப் பாதுகாப்புத் திட்டம் என்று ஒன்று நடக்கிறது. வெள்ளத்திலோ புயலிலோ வயல் பாழானால், குப்பை கூளத்தை அகற்ற, நிலத்தைச் சமன்படுத்த, வேலியைத் திரும்பப் போட, வறட்சியில் கால்நடைக்குத் தண்ணீர் கொண்டுவர உதவுகிற திட்டம் அது. ஹெக்டேருக்கு இத்தனை என்று கண்ணை மூடிக்கொண்டு போடுவதில்லை. அனுமதித்த செலவில் 75 விழுக்காடு வரை அரசாங்கம் தருகிறது. வசதி குறைந்த விவசாயிக்கு 90 விழுக்காடு வரை உண்டு. கவுண்டி என்கிற அவர்களுடைய வட்டாரத்தில் விவசாயிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுத்த குழு ஒன்று மனுக்களைப் பார்க்கிறது. நாம் முக்கியமாகக் கவனிக்கவேண்டியது வேறு. நிலத்துக்கு உடையவரானாலும் குத்தகைக்காரரானாலும், மீட்புச் செலவை ஏற்கிறவர் உதவி கேட்கலாம். எந்தக் கவுண்டியில் யாருக்கு எவ்வளவு போயிற்று என்பதையும் பொதுமக்கள் கேட்டு வாங்க முடிகிறது. ஒரு தன்னார்வ அமைப்பு 1995 முதலான விவசாய உதவித் தொகைகளைக் கவுண்டி வாரியாக, பெயர் பெயராகத் தொகுத்து எவரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது.

அங்கே எல்லாம் தேனும் பாலுமாக ஓடுகிறது என்று நாம் சொல்லவில்லை. வேலையை முடித்து, ரசீதைக் காட்டிய பின்னரே பெரும்பாலும் பணம் வருகிறது. கையில் முதல் இல்லாதவர் வேலையைத் தொடங்கவே முடியாது. ஒருவர் ஒரு பேரிடருக்கு ஐந்து லட்சம் டாலர் வரை பெறலாம் என்பதால் பெரிய பண்ணைக்குப் பெரிய தொகை போகிறது. அந்தப் பண்ணையில் பழம் பறிக்கும் மெக்சிகோ நாட்டுக் கூலிக்காரருக்கு அங்கும் ஒன்றுமில்லை. அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ளவேண்டியவை இரண்டே: செலவு செய்கிறவனுக்கு உதவி, பெயர்ப் பட்டியல் பகிரங்கம்.

இப்போது நம் பக்கம் திரும்புவோம். பிறரைக் குற்றம் சொல்லும் தலையங்கம் எழுதுவது எளிது. தமிழ்நாட்டில் ஒரு சாகுபடிக் குடும்பத்தின் நிலம் சராசரியாக முக்கால் ஹெக்டேர் என்று 2015-16 விவசாயக் கணக்கெடுப்பு சொல்கிறது. அந்த முக்கால் ஹெக்டேரில் பிழைக்க முடியாமல் புறப்பட்டு வந்தவர்கள்தாம் நம்மில் பலர். வந்தவர்கள் நிலத்தை விற்றுவிட்டு வரவில்லை. தம்பியிடமோ, பக்கத்து வயற்காரரிடமோ, தாழ்ந்த சாதி என்று ஊர் ஒதுக்கி வைத்த ஓர் ஏழைக் குடும்பத்திடமோ விட்டுவிட்டு வந்தோம். பட்டா நம் பெயரிலோ, இறந்துபோன தகப்பனார் பெயரிலோ, பாட்டனார் பெயரிலோ கிடக்கிறது. வெள்ளம் வந்தபோது, ஊரில் இல்லாத நம் கணக்குக்குப் பணம் வந்தது. பாட்டனார் பெயரில் கிடந்த இடங்களில் யாருக்கும் வரவில்லை. இந்த இரண்டு அநியாயங்களிலும் நமக்குப் பங்கிருக்கிறது.

நம் கருத்து இதுதான். நிவாரணம் என்று ஒரே பெயரில் வருகிற பணத்தில் மூன்று வகை இருக்கிறது. நிலமே போனதற்காகத் தருவது நிலத்துக்கு உரியவருக்குச் சேரவேண்டும். அதில் வாதமில்லை. பயிர் போனதற்காகத் தருவது அந்தப் பயிருக்கு விதையும் உரமும் போட்டவருக்குச் சேரவேண்டும். மணலை அள்ளுவதற்காகத் தருவது மணலை அள்ளினவருக்கும், அள்ளக் கூலி கொடுத்தவருக்கும் சேரவேண்டும். மூன்றையும் பட்டா என்னும் ஒரே காகிதத்தின் பின்னால் வரிசை கட்டி நிறுத்துவதுதான் தவறு. அன்று சங்கத்துக்கு வந்த பெரியவருக்கும் பிறகு இதைத்தான் சொன்னோம். பயிர்ப் பணமும் மணல் பணமும் உங்கள் கணக்கில் விழுந்தால், அது வழி தவறி உங்கள் வீட்டுக்கு வந்த பணம். உழுகிறவரிடம் அனுப்பி வையுங்கள் என்றோம். அவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அப்படின்னா குத்தகை நெல்லு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. விளையாத வருஷத்துக்குக் குத்தகை கேட்பதும், விளையாததற்கு வந்த பணத்தை வைத்துக்கொள்வதும் இரண்டும் சேர்ந்து நடக்கக் கூடாது என்று மட்டும் சொன்னோம். மீதியை அவர்கள் இருவரும் பேசிக்கொண்டார்கள்.

பட்டாவை விட்டால் மோசடி பெருகும், கண்டவர்களெல்லாம் குத்தகைக்காரர் என்று வந்து நிற்பார்கள் என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் எந்தப் புல எண்ணில் இந்தப் பருவத்தில் என்ன பயிர் என்று எழுதத்தான் அடங்கல் என்ற பதிவேடு இருக்கிறது. பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகளை 1980இல் ஒழித்து, கிராம நிர்வாக அலுவலரை நியமித்த பின்னும் அந்தப் பதிவேடு தொடர்கிறது. அதை வயலில் நின்று எழுதினால் உழுகிறவன் யார் என்பது தானாகத் தெரிந்துவிடும். ஓர் ஊரில் எந்த வயலை யார் உழுகிறார் என்பது அந்த ஊரில் எவருக்கும் ரகசியமில்லை. அரசாங்கத்துக்கு மட்டும் ரகசியமாக இருப்பது எப்படி? கிராம சபையில் பட்டியலை வாசித்தால் பொய்க் குத்தகைக்காரரையும் ஊரே காட்டிக் கொடுக்கும், ஊரிலில்லாத உடையவரையும் ஊரே காட்டிக் கொடுக்கும்.

ஆகவே அரசாங்கத்தின் முன் நாம் வைக்கும் கோரிக்கைகள் நான்கு.

ஒன்று: மணல் அகற்றும் உதவியை மணலின் உயரத்தைப் பார்த்துக் கணக்கிட வேண்டும். மூன்று அங்குலத்துக்கும் மூன்று அடிக்கும் ஒரே தொகை என்பது கணக்குமல்ல, நியாயமுமல்ல.

இரண்டு: பயிர் உதவியும் மணல் உதவியும் பெற, குத்தகை, வார விவசாயிகளுக்குக் கிராம சபையின் சான்றே போதுமென்று ஆக்கவேண்டும்.

மூன்று: வெள்ளம் வந்த பகுதிகளில் மணல் அள்ளும் வேலையை அரசாங்கக் கூலி வேலையாகவே திறக்கவேண்டும். 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் சிறு, குறு விவசாயிகளின் நிலத்தை மேம்படுத்தும் பணிக்கு இடம் தந்திருந்தது. ஊரக வேலைத் திட்டம் எந்தப் பெயரில் நடந்தாலும் அந்த இடம் இருக்கவேண்டும். வயலும் மீளும், நிலமற்றவருக்கும் கூலி கிடைக்கும்.

நான்கு: எந்த ஊரில், எந்தப் புல எண்ணுக்கு, யாருக்கு, எவ்வளவு என்ற பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டவேண்டும். இது சலுகை கேட்பதல்ல. உதவித் தொகைத் திட்டங்களில் பயன்பெற்றோர் விவரத்தை யாரும் கேட்காமலே வெளியிடவேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நான்காம் பிரிவில் சொல்கிறது.

நம் வாசகர்களிடம் கேட்பவையும் உண்டு. ஊரில் உங்கள் நிலத்தின் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று இந்த மாதமே விசாரியுங்கள். இறந்தவர் பெயரில் இருந்தால் வாரிசுச் சான்று வாங்கி மாற்றுங்கள். அண்ணன் தம்பிக்குள் தகராறு என்றால், தகராறு தீரும் வரை கூட்டுப் பட்டாவாகவேனும் இருக்கட்டும். நிலத்தைப் பிறர் உழுதால் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். உழுகிறவர் பெயரை எழுதியதால் கெட்ட குடும்பத்தைவிட, எழுதாததால் கெட்ட குடும்பங்களே நாம் அதிகம் பார்த்தவை.

உங்கள் ஊருக்கு வெள்ள நிவாரணமாக வந்தது எவ்வளவு, அதில் மணல் அகற்றும் உதவி என்ற தலைப்பில் ஏதாவது கொடுத்தார்களா, யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று தகவல் அறியும் சட்டத்தின்கீழ் கேட்கலாம். அதற்கு ஊருக்குப் போகவேண்டியதில்லை. மனுவில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி இங்கிருந்தே தபாலில் அனுப்பலாம். முப்பது நாட்களுக்குள் பதில் தரவேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதித் தரச் சங்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். கூச்சப்படாமல் வாருங்கள்.

கடைசியாக ஒன்று. தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாட்களில் மே முதல் நாளும் ஒன்று. இங்கே பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நாம் ஊர் போய்ச் சேர்கிற காலம் அது. கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் போகிறோம். தவறில்லை. அந்த ஒரு நாள் காலையில் கிராம சபைக்கும் போவோம். நாம் போய் உட்கார்ந்தால், ஊரிலேயே இருப்பதால் பேச அஞ்சுகிற குத்தகைக்காரருக்குப் பக்கத்தில் ஒரு துணை கிடைக்கும். நிலத்துக்கு உரியவர் தாமே எழுந்து, "இந்த வயலை உழுகிறவர் இவர்தான், இவர் பெயரை எழுதுங்கள்" என்று சொன்னால், எந்த அதிகாரி மறுக்கப்போகிறார்?

தாமிரபரணி மறுபடியும் கரை கடக்கும். அது ஆற்றின் இயல்பு. அப்போது வயலில் ஏறும் மணலை நம்மால் தடுக்கமுடியாது. மணலை அள்ளும் கைக்குப் பணம் போய்ச் சேரும்படி செய்ய முடியும். அதைச் செய்து வைப்பது அடுத்த மழைக்கு முன்பு நாம் முடிக்கவேண்டிய வேலை.